வாடிக்கையாளர் கையில் ஒரு மவுஸ்

டைப் செற்றிங் தொழிலில் கைவிரல் தேய்வதற்கு முன்பே பிடரி சுட்டுப்போகும், ஏனென்றால் வாடிக்கையாளரின் மூச்சு முழுவதும் அங்கேதான் விழும். “அது இல்ல, அதுக்கு மேல, இன்னும் கொஞ்சம் மேல” என்று பின்னால் ஒருவர் நின்று சொல்லச் சொல்ல எழுத்து அடித்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ, அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

நான் வேலை பார்த்த கடை கல்லடியில், பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சமாதானம் என்று சொல்லப்பட்டது முடிந்து, சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். கடையில் இருந்தது ஒரு கம்பியூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், முதலாளி தியாகு அண்ணன், பிறகு நான். பாலத்து இராணுவச் சாவடியை மூடினால் டவுன் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள். திறந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து என் கதிரைக்குப் பின்னால் நிற்பார்கள்.

செதில்

மீனவர் சங்கச் செயலாளர் ஒருவர் கூட்ட அறிவித்தல் அடிக்க வந்தார். கரைவலை இழுத்த கையோடு நேரே வந்திருந்தார். பிழை இருக்கும் இடத்தையெல்லாம் திரையில் விரலை அழுத்திக் காட்டினார். அவர் காட்டிய பிழை ஏழு, அவர் போன பிறகு நான் திரையிலிருந்து சுரண்டி எடுத்த செதில் மூன்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தியாகு அண்ணன் அடுத்த நாள் பழைய மவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து, கம்பியூட்டரின் பின்னால் சும்மா கிடந்த இன்னொரு ஓட்டையில் செருகினார். வாடிக்கையாளருக்கு எனக்குப் பக்கத்திலேயே ஒரு கதிரை, கையில் ஒரு மவுஸ். பிழையை இனி அதனால் காட்டட்டும் என்பது அவருடைய யோசனை.

அவர் யோசிக்காத ஒன்று இருந்தது. மவுஸ் இரண்டு என்றாலும் திரையில் அம்புக்குறி ஒன்றுதான். இரண்டு மவுஸும் அந்த ஒன்றைத்தான் இழுக்கும். திருத்திய அறிவித்தலைப் பார்க்க வந்த செயலாளர்தான் அதில் முதலில் உட்கார்ந்தவர். அவர் தலைப்புக்கு இழுக்க, நான் அடிக்குறிப்புக்கு இழுக்க, அம்புக்குறி நடுவில் நின்று துடித்தது. அவர் மவுஸை விடாமலே என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் வலிச்சா தோணி நிண்ட இடத்திலயே சுத்தும் புள்ள. நான் வலிக்கிறன், நீ கொஞ்சம் சும்மா இரு.”

யார் பெயர் முதலில்

தகப்பனின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். மூத்தவர் வெளிநாட்டிலிருந்து செலவை அனுப்பியவர். இளையவர் கடைசி வரைக்கும் தகப்பனைத் தூக்கி இறக்கியவர். மூத்தவர் வாடிக்கையாளர் மவுஸைப் பிடித்துத் தன் பெயரை மேலே கொண்டுபோனார். இளையவர் என் கைக்கு மேலேயே கையை வைத்து அதைக் கீழே இறக்கினார். என் வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் திரையை மட்டும் பார்த்துச் சண்டை பிடித்தார்கள். ஒரு கட்டத்தில் இளையவர் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது, வெளியே நின்ற ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அந்த நினைவு மலர் வேலைகளை நாங்கள் போட்டு வைக்கும் கோப்புறைக்கு, முப்பத்தோராம் நாள் சடங்கின் பெயரையே எடுத்து, ஆங்கில எழுத்தில் ‘அந்தியேட்டி’ என்று பெயர். அந்தக் காலத்தில் கோப்புகளின் பெயரைத் தமிழில் எழுதும் வசதி எங்கள் கம்பியூட்டருக்கு இல்லை. கலியாண அட்டை வைத்த கோப்புறையை வருகிற போகிற எல்லாரும் திறந்து பார்ப்பார்கள். அந்தியேட்டியை ஒருவரும் திறக்கமாட்டார்கள், அடுத்தவன் வீட்டுச் சாவை எதற்குப் பார்ப்பான் என்று விலகிவிடுவார்கள். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். அன்றைக்குத் தியாகு அண்ணன் வந்து இரண்டு மவுஸின் வயரையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “செத்தது அப்பா. அவர்ட பேர்தான் முதல்ல. மிச்சத்த வெளியில போய்க் கதைச்சிட்டு வாங்க.”

வெட்டாத கை

பரமேஸ்வரி அக்கா வாகரைப் பக்கம். முதலில் கடல் வந்து வீட்டை எடுத்தது, பிறகு சண்டையில் குண்டுச் செல்லடி வந்து ஊரை எடுத்தது. கல்லடியில் தெரிந்தவர் வீட்டு வளவில் கொட்டில் போட்டு இருந்தார். புருசன் இல்லை. ஒரே மகன் ஜீவன், வயது இருபத்திரண்டு. வேலைக்குப் போன ஒரு நாள், பெயர் கேட்டு பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள் என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். இறக்கியது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டறிய வெளியிலிருந்து ஒரு குழு இரண்டு கிழமையில் வருகிறதாம், அதனிடம் கொடுக்கத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் வேண்டும் என்று வந்தார். அப்படிக் கடிதம் அடித்த கடை ஒன்றுக்கு ஆட்கள் வந்து கம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு போன கதை எங்களுக்குத் தெரியும். தியாகு அண்ணன் வாசலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் “அடி” என்றார்.

கடிதத்தில் மகனின் படம் வேண்டும். அக்காவிடம் இருந்த படங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. தேற்றாத்தீவில் சொந்தக்காரர் கலியாணத்தில் எடுத்த படம் ஒன்றை அவர்களுடைய ஆல்பத்திலிருந்து ஒரு நாளைக்கு என்று கெஞ்சி வாங்கி வந்திருந்தார். இன்னொரு முறை தரமாட்டார்கள், அவர்களுக்கும் பயம். ஸ்கேன் பண்ணி, கூட்டத்துக்குள் நின்ற ஜீவனை மட்டும் வெட்டி எடுக்கத் தொடங்கினேன். அவன் தோளில் வேறு யாருடையதோ கை கிடந்தது. கோட்டைத் தோளுக்கு உள்ளே கொண்டுவந்தேன், அது வெளியே போனது. திரும்பக் கொண்டுவந்தேன், திரும்பவும் போனது. எனக்குப் பொறுமை குறைவு என்பது ஊரறிந்த விசயம். மவுஸ் பழுது என்று நினைத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். அக்காவின் கை மற்ற மவுஸின் மேல் இருந்தது, அது வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அந்தக் கைய வெட்டாத புள்ள. அது என்ட கை.”

கலியாண மாதிரி

படம் கலியாணத்தில் எடுத்தது என்பதால், ஒளிக்கிறதுக்கும் நல்லது என்று, அந்தப் படத்தையும் இரண்டு கடிதங்களையும் கலியாணக் கோப்புறைக்குள் போட்டு வைத்தேன். அப்படி ஒரு மடைத்தனத்தை என்னைப் போல புத்திசாலி ஒருத்தியால்தான் செய்ய முடியும். கடிதம் முடிந்தபாடில்லை. ஒவ்வொரு நாளும் அக்காவுக்கு ஒரு வரி ஞாபகம் வரும். மகன் போட்டிருந்த சேட்டின் நிறம், காலில் பழைய காயம், பல் ஒன்று உடைந்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே இருந்தது.

மூன்று நாளில் காத்தான்குடியிலிருந்து புடைவைக் கடை ஹாஜியார் ஒருவர் மகளின் கலியாண அட்டைக்கு வந்தார். மாதிரி பார்க்க மவுஸைக் கொடுத்தேன். நான் பிரிண்டருக்குக் கடதாசி வைத்துவிட்டுத் திரும்பிய நேரம், திரையில் ‘எனது மகனைக் கண்டுபிடித்துத் தருமாறு’ என்ற தலைப்பு நின்றது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். நான் என் மவுஸில் கை வைக்கவில்லை, வைத்திருந்தாலும் அசைந்திராது. இவர் நாலு பேரைத் தெரிந்த ஆள், சாவடியிலும் இவருக்குப் பழக்கம் இருக்கும், இவர் வாயிலிருந்து ஒரு சொல் போனால் போதும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் அம்புக்குறியை மூலைக்குக் கொண்டுபோய்க் கடிதத்தை மூடினார். வேறு ஒரு அட்டையைத் திறந்து, இந்தப் பூ நல்லாயிருக்கு, இதையே அடிங்க என்றார். எழும்பி வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, குனிந்து, மெல்லிய குரலில் சொன்னார்: “மகள், கலியாணம் எண்டு பேர் வெச்சா ஊருலகமே திறந்து பாக்கும். அத ஆரும் தொடாத இடத்தில வைங்க.”

தாமரைப் படம்

யாரும் தொடாத இடம் எது என்று எனக்குத்தான் தெரியுமே. அன்றைக்கே ஜீவனை அந்தியேட்டிக்கு மாற்றினேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை, அதை இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

குழு வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. தியாகு அண்ணன் கடதாசி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அக்கா கடைசி வரி ஒன்று சொல்ல வந்து சுவரோர வாங்குப் பலகையில் இருந்தார். அப்போது பாலத்துச் சாவடிப் பொறுப்பதிகாரி உள்ளே வந்தார். கூட வந்தவர் துவக்கோடு வாசலில் நின்றுகொண்டார். வெசாக் பண்டிகை வருகிறது, ஊருக்கு அனுப்ப வாழ்த்து அட்டை வேண்டும், தாமரைப் படம் போட்டது வேண்டும் என்றார். எல்லாரையும் போல அவரும் வாடிக்கையாளர் கதிரையில் இருந்து, எல்லாரையும் போல அந்த மவுஸைப் பிடித்தார். அவர் சிங்களவர், தமிழ் கதைப்பார், வாசிக்கத் தெரியாது. ஆனால் கோப்புறைகளின் பெயர் ஆங்கில எழுத்தில் அல்லவா இருந்தது. “அந்தி… யேட்டி” என்று கூட்டி வாசித்தார். “அது என்ன தங்கச்சி?” தமிழ் தெரிந்தவர்கள் தொடாத பெயர், அது தெரியாதவருக்குப் புதினமாக இருக்கும் என்று நான் எங்கே நினைத்தேன். “அது ஒண்டுமில்ல சேர், தாமரை இந்தப் பக்கம்” என்றேன்.

ஒன்றுமில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் பார்க்க மனம் வராது? அவர் அம்புக்குறியை அங்கே கொண்டுபோனார். நான் என் மவுஸால் ஒரு விரல் அளவு கீழே இழுத்தேன். அவர் திரும்பவும் ஏற்றினார். நான் திரும்பவும் இறக்கினேன். “மவுஸ் சரியில்ல நே” என்றார். “ஓம் சேர், பழசு” என்றேன். அவர் மவுஸைத் தூக்கிப் புரட்டி, அடியில் இருந்த உருண்டையைக் கழற்றி ஊதத் தொடங்கினார். இதுதான் நேரம் என்று நான் அம்புக்குறியை மூலைக்கு ஓட்டினேன். உருண்டை ஒரு கையில், மவுஸ் மறு கையில், அவர் நிமிர்ந்து பார்த்தார். மேசையில் இல்லாத மவுஸுக்கு அம்புக்குறி தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்வை திரையிலிருந்து இறங்கி என் கைக்கு வந்தது. “தங்கச்சி, உங்கட கைய எடுங்க” என்றார். எடுத்தேன். மடியில் வைத்தேன்.

அவர் உருண்டையைப் பூட்டி, கோப்புறையைத் திறந்து, முதலில் இருந்த படத்தை அழுத்தினார். ஜீவன் திரை நிறைய வந்தான். பக்கத்திலேயே ஆங்கிலக் கடிதம் கிடந்தது, இன்னும் ஒரு அழுத்துத் தூரத்தில். “இது ஆரு?” என்றார். உயிரோடு இருக்கிறவன் என்றால் எங்கே என்று கேட்பார். எங்கே என்று சொல்லத் தெரிந்தால் கடிதம் எதற்கு? “செத்தவர் சேர். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கத் தந்தது” என்றேன். எனக்குப் பின்னால் வாங்கு அசைந்த சத்தம் கேட்டது. அவர் படத்தையே பார்த்தார். “தோள்ல கை ஆர்ட?” “என்ட கை” என்றார் பரமேஸ்வரி அக்கா. எழும்பி நின்றார். “என்ட மகன். போன மாசம் செத்தவன்.”

அதிகாரி எழும்பித் தொப்பியைக் கழற்றினார். அவர் கெட்ட ஆளில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வெசாக்குக்குப் புத்தர் பன்சலையில் செத்தவர்களுக்குப் புண்ணியம் கொடுப்போம், உங்கள் மகனுக்கும் சேர்த்துக் கொடுக்கிறேன், பேர் சொல்லுங்கள் அம்மா என்று சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்தார். கடிதத்தில் இருக்கும் பெயரை அந்தக் கொப்பி கேட்டது. அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. “கந்தசாமி” என்றார். அது கடல் கொண்டுபோன அவருடைய புருசனின் பெயர். அதிகாரி அதை எழுதிக்கொண்டார், படத்தைத் தானே மூடினார், தாமரை ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அட்டை அடித்துக் கொடுத்தேன், போனார்கள். பாதையில் அவர்களின் சப்பாத்துச் சத்தம் முற்றாக அடங்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அக்கா கம்பியூட்டரைப் பார்த்துக் கேட்டார்: “நான் இப்ப சொன்னது ஒண்டும் அந்தப் பெட்டிக்குள்ள பதியல்லத்தானே, புள்ள?”

புதுப் பெயர்

அடுத்த நாள் கடை திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்காதது போல உள்ளே வந்து தன் கதிரையில் இருந்தார். இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, நானும் கொள்ளவில்லை. செத்தவர்களோடு ஏன் போட்டாய் என்று ஒரு தரமாவது ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தியாகு அண்ணன் கடிதங்களை அச்சடித்து, மடித்து, பால்மா பெட்டி ஒன்றுக்குள் வைத்துக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் அவை போக வேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்தன, கிடைத்ததற்குக் கையெழுத்து வைத்து ஒரு துண்டும் கொடுத்தார்கள். அந்தத் துண்டு அக்காவிடம் இருக்கிறது. பதில்தான் வரவில்லை.

ஆனால் பெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பு அவர் ஒரு வேலை வைத்திருந்தார். ஜீவனை அந்தியேட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தனிக் கோப்புறையில் வைக்கச் சொன்னார். அம்புக்குறியைத் தானே அதன் மேல் கொண்டுபோய் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் என் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருந்தேன். விலைப்பட்டியல் என்று போடவா, பழசு என்று போடவா என்று கேட்டேன். இரண்டுக்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு, இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்: “பாஸ்போட் எண்டு போடு புள்ள. எங்கயோ போயிருக்கான் எண்டுதானே அதுக்கு அர்த்தம்.”

கடை மூடி, தியாகு அண்ணன் கண்ணை மூடி, ‘பாஸ்போட்’ கோப்புறை இப்போது என் வீட்டில் நான்காவது கம்பியூட்டருக்குக் குடிவந்துவிட்டது. கடிதத்தில் மகனின் வயதை ஒன்று கூட்டப் பரமேஸ்வரி அக்கா வருசம் தவறாமல் வந்து தன் கதிரையில் இருப்பதால், உலகம் முழுக்க விரலால் திரையைத் தடவத் தொடங்கிய பிறகும் இரண்டு மவுஸ் செருகி வைத்திருக்கும் ஒரே டைப் செற்றிங்காரி நானாகத்தான் இருப்பேன்.